சௌரிராஜன் ஊரில் இல்லை

அக்டோபர் 9

இந்த டைரியின் முதல் ஒன்பது மாதங்கள் காலி. என் மனைவி பூமா வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் கொடுத்தது. இதுவரை சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேஜை ஆடினால் ஆடட்டும். இனிமேல் என் வாழ்க்கையில் நடப்பதை யாராவது குறித்து வைக்க வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஆறடி உயரத்தில் ஒரு வாலிபர், அரை டிராயர், கையில் பிரித்த கடித உறை.

“சாரி சார். என் பேர் போட்டிருந்துச்சுன்னு பிரிச்சுட்டேன். உள்ள பாத்தா முகர்சிங் வித்வான்னு இருக்கு. அது நான் இல்ல.”

“நீங்க யாரு?”

“சௌரிராஜன் சார். டி பிளாக் 204. போன வாரம்தான் குடிவந்தேன்.”

பி பிளாக் 204-இல் பதினாறு வருஷமாகக் குடியிருக்கும் சௌரிராஜன் நான். கே. சௌரிராஜன். அவரும் கே. சௌரிராஜனாம். நாற்பத்தாறு வயது வரை இந்தப் பெயரில் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்து என்னைப் படுத்திய பாட்டில் பங்கு கேட்க அப்போது ஒருவரும் வரவில்லை. இப்போது வருகிறார். ஸ்குவாஷ் ஆட்டக்காரராம். எனக்குத் தெரிந்த ஸ்குவாஷ் பாட்டிலில் வரும். இது நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்றுகொண்டு ஒரு சின்ன ரப்பர் பந்தை எதிர்ச் சுவரில் மாற்றி மாற்றி அடிப்பதாம்.

“உங்களுக்கு எப்படி இந்தப் பேர்?” என்று கேட்டேன். எங்கள் குலதெய்வம் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள், அதனால் எனக்கு வைத்தார்கள்.

“நாங்க காரைக்கால் பக்கம் பட்டினச்சேரி சார், மீனவர் குப்பம். மாசி மகத்துக்கு உங்க பெருமாள் எங்க கடற்கரைக்குத்தான் வருவாரு. எங்க குலத்துப் பொண்ணைக் கட்டினவரு, எங்க ஊருக்கு அவரு மாப்பிள்ளை.”

எனக்குப் பெருமாள், அவருக்கு மாப்பிள்ளை. வாசலில் நின்றுகொண்டு இதற்கு மேல் உறவு விசாரிக்க முடியாது. கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கடிதம் நவநீத கான சபாவிடமிருந்து. இந்த வருஷம் ‘லயச்செல்வர்’ விருதுக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது! இருபத்தாறு வருஷமாகக் கொடுக்கிறார்கள். மிருதங்கம் வாங்கியாயிற்று, கஞ்சிரா வாங்கியாயிற்று. முகர்சிங் இதுவரை இல்லை. மேடையின் கடைசி ஓரத்தில் உட்காருகிறவன் நான். பத்திரிகைப் புகைப்படத்தில் என் இடது முழங்கால் மட்டும் வரும். பூமா அதையும் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

விருது கிடைத்தால் தை மாதம் பட்டமளிப்பு, அன்று மாலை என் தலைமையில் ஒரு கச்சேரி. ஆனால் சபாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் எல்லாரும்தான் வாசிப்பார்கள், வீட்டில் காலையில் என்ன பண்ணுகிறான் என்று பார்க்க வேண்டும் என்பது நிறுவனரின் கட்சி. அதனால் டிசம்பர் இருபதுக்குள் ஏதோ ஒரு நாள், காலை ஆறிலிருந்து ஏழுக்குள், கமிட்டி ஆட்கள் இருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வாசித்துப் பழகும் சாதகத்தைக் கேட்பார்கள்.

தினம் விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ணுகிறவனுக்கு இதில் என்ன கவலை? நாளையிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 10

எழுந்தேன். ஐந்து நிமிடம் வாசித்தேன். முகர்சிங் என்பது இரும்பு வளையம், நடுவில் ஒரு மெல்லிய கம்பி நாக்கு. வளையத்தை முன்பற்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கம்பியை விரலால் தட்ட வேண்டும். தட்டினால் பல் அதிரும். யாருக்கும் அதிரும். இதைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

காலையில் இட்லி, பாலில் ஊறவைத்து. மதியம் தயிர்சாதம், நன்றாகக் குழைத்து. பூமா, “என்ன இது, பல்லு போன கிழவர் மாதிரி?” என்றாள். நான் இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டேன்.

அக்டோபர் 15

குடியிருப்போர் சங்கம் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. ‘நமது குடியிருப்பின் பெருமை கே. சௌரிராஜன் அவர்களுக்கு வாழ்த்துகள்’. படம் இல்லை, காரணமும் இல்லை. காய்கறிக்காரர், இஸ்திரி போடுகிறவர், மூன்றாம் மாடி மாமி எல்லாரும் என்னை நிறுத்திக் கை கொடுத்தார்கள். விருதுச் செய்தி கசிந்துவிட்டது என்று நினைத்து, “எல்லாம் பெருமாள் அனுக்கிரகம்” என்றேன்.

மாலையில் விஷயம் தெரிந்தது. மலேசியாவில் ஏதோ போட்டியில் டி-204 இரண்டாவதாக வந்திருக்கிறாராம்.

நான் யாரிடமும் போய்த் திருத்தவில்லை. பெருமாள் அனுக்கிரகம் என்பது அவருக்கும் பொருந்தும்தானே.

அக்டோபர் 20

காலை ஆறே கால். கேட்டிலிருந்து வாட்ச்மேன் பெரியநாயகம் இண்டர்காமில் கூப்பிட்டார்.

“சார், ரெண்டு பேர் வந்திருக்காங்க. சௌரிராஜன் சாரைப் பாக்கணுமாம். எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க.”

கமிட்டியேதான்! இன்றைக்கென்று பார்த்து சாதகம் பண்ணும் நிலையில் இல்லை. தொண்டை கட்டியிருந்தது. முகர்சிங்குக்குத் தொண்டை முக்கியம் இல்லைதான், இருந்தாலும்.

ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். இது முழுப் பொய் இல்லை. திருக்கண்ணபுரம் போய்வர வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 21

வந்தது கமிட்டி இல்லை.

லிஃப்டில் டி-204 நின்றிருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. கேட்டேன். அவரைப் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். ஊக்கமருந்து சோதிக்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லாமல் வந்து நிற்பார்களாம். இவர் கொடுத்திருப்பது காலை ஆறிலிருந்து ஏழு, டி-204.

“நேத்து நான் வீட்லதான் சார் இருந்தேன். கேட்டுல யாரோ ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஏழு மணி வரைக்கும் அங்கயே உக்காந்துட்டு, ‘ஆள் இல்லை’ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“எழுதினா என்ன?”

“ஒரு வருஷத்துல மூணு தடவை ஆள் இல்லைன்னா ரெண்டு வருஷம் ஆடக் கூடாது சார். ஜூன்ல ஒண்ணு ஆச்சு, ட்ரெய்ன் லேட்டு. இது ரெண்டாவது. ஜனவரில நாட்டு அணிக்குத் தேர்வு. எனக்கு இருபத்தேழு வயசு. ரெண்டு வருஷம் வெளிய உக்காந்தா அப்பறம் ஆட்டமே கிடையாது.”

“இந்த வாட்ச்மேன்கள் ரொம்ப அஜாக்கிரதை” என்றேன்.

பெரியநாயகம் பொதுவாகவே அஜாக்கிரதையானவர்தான். போன தீபாவளிக்கு என் பட்சணப் பொட்டலத்தை சி பிளாக்கில் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 24

சங்கத்தில் பெரியநாயகத்தை விசாரித்து, பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நாற்காலி கிடையாது, நிழலும் கிடையாது. குப்பை கொட்டப் போனபோது பார்த்தேன். என்னைப் பார்த்து வழக்கம்போல் சலாம் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாளையிலிருந்து குப்பை கொட்ட பூமா போகட்டும்.

நவம்பர் 2

டி-204 ஆடுகிற போட்டி பக்கத்து கிளப்பில். “வாங்க சார், ஒரே பேருக்காரங்க, ஒரு தடவையாவது பாருங்க” என்று கூப்பிட்டார். இவர் அப்பா அந்த கிளப் கேண்டீனில் சமையல்காரராக இருந்தவராம். அப்பாவுக்காகக் காத்திருந்த நேரத்தில் சுவரில் பந்து அடித்துப் பழகியவர்.

பின்சுவர் கண்ணாடி. வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். முதல் ஐந்து நிமிடம் இருவரும் பந்தைச் சும்மா அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லையாம், பந்தைச் சூடு பண்ணுகிறார்களாம். சூடாகாவிட்டால் அது எழும்பாது. நாங்கள் மேடையில் சுருதி சேர்க்கிற மாதிரி.

அப்புறம் ஆரம்பித்தார்கள். பெருமாளே! இவர் ஒரு அடி, அவர் ஒரு அடி, இவர், அவர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு சுற்று வாசிக்க, நான் திருப்பி ஒரு சுற்று வாசிக்க, சுற்று பாதியாகி, பாதியில் பாதியாகி, கடைசியில் இரண்டு பேரும் மாறி மாறித் தட்டுவோம். குறைப்பு என்று பெயர். இது அதேதான். என்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

கடைசி கேமில் இருவரும் சரிக்குச் சரி. நம்மவர் தரையோடு பாய்ந்து ஒரு பந்தை எடுத்துப் போட்டார். கூட்டம் எழுந்து கைதட்டியது. அவர் கையைத் தூக்கி, “ரெண்டு தடவை குதிச்சிருச்சு” என்றார். பந்து தரையில் இரண்டு முறை குதித்த பிறகு அடித்தால் செல்லாதாம். நடுவர் பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, நான் நிச்சயமாகப் பார்க்கவில்லை. இவராகவே சொல்லி அந்தப் புள்ளியைக் கொடுத்துவிட்டார். ஆட்டத்தையும் தோற்றார்.

அது போதாதென்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்த மாதிரிப் போட்டிகளில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராம். அதுதான் வழக்கமாம். நானெல்லாம் என்னைக் கூப்பிடாத கச்சேரிக்குக் கேட்கப் போனால்கூட மங்களம் பாடுவதற்கு முன் பக்கவாசல் வழியாக வெளியேறிவிடுவேன்.

“கோவமே வரலையா உங்களுக்கு?” என்று திரும்பும்போது கேட்டேன்.

“வந்துச்சு சார். ஆனா அந்த நாற்காலில உக்காந்துட்டா பந்தைத்தான பாக்கணும்.”

ஆட்டோவில் வரும்போது அக்டோபர் இருபதாம் தேதி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் சிக்னல் விழுந்தது.

நவம்பர் 9

ராயப்பேட்டையில் ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அன்று வேறு வேலை இருப்பதாகச் சொன்னேன். வேறு வேலை என்றால், வீட்டில் இருப்பது.

கிராம்புத் தைலம் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 19

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆறு பத்து. இண்டர்காம். இப்போது முன்வாசலில் புது வாட்ச்மேன். “சௌரிராஜன் சாரைப் பாக்க ரெண்டு பேர்” என்றார். நான் தைரியமாக, “அனுப்பு” என்றேன். ஏன் தைரியம் என்றால், ஆட்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். சோதனைக்காரர்கள் என்றால் கட்டுமஸ்தாக, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். டி பிளாக்குக்கு அனுப்பிவிடலாம்.

வந்தவர்களில் மூத்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சட்டைப்பையில் இரண்டு பேனா. சபா ஆள் என்று சத்தியமே பண்ணலாம். கூட வந்தவரிடம் ஒரு பை. சுருதிப்பெட்டியாக இருக்கும்.

“கே. சௌரிராஜன்?”

“அடியேன்தான்.”

“முன்னாடியே சொல்லாம வரோம். அதுதான் எங்க விதி.”

“தெரியும் ஸ்வாமி. உக்காருங்கோ.”

“ஏதாவது அடையாள அட்டை பாக்கணும். ஆதார் இருந்தாப் போறும்.”

சபா இவ்வளவு கண்டிப்பு என்று எனக்குத் தெரியாது. பூமா அலமாரியைக் குடையப் போனாள். எங்கள் வீட்டு அலமாரியில் ஒன்றைத் தேடினால் மற்றதெல்லாம் கிடைக்கும். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று முகர்சிங்கை எடுத்து வாயில் வைத்தேன். ஆதி தாளம், பதினைந்து நிமிடம். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. பெரியவர் கண்ணை மூடித் தாளம் போட்டார். இளையவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரசனை இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுத்தினேன். பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

“கிராம்புத் தைல வாசனை வரதே. கடைசி ஏழு நாள்ல என்னென்ன மருந்து எடுத்துண்டேள்? ஒண்ணு விடாம சொல்லிடுங்கோ. மறைச்சா பின்னாடி உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அவ்வளவுதான். சபாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாற்பது நாளாக இந்த டைரிக்குக்கூடச் சொல்லாததை அந்த மனிதர் மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“முன்பல் ஆடறது ஸ்வாமி,” என்றேன். “மேல், வலது பக்கம். ஆகஸ்டிலேருந்து. தினம் ரெண்டு வலி மாத்திரை. ஸ்ரீஜெயந்திக்குப் பண்ணின சீடையைக் கடிச்சேன், அன்னிக்கே ஆடிடுத்து. பல் போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டா. இருபத்தஞ்சு வருஷம் வாசிச்சாச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. பயந்துண்டு டாக்டர்கிட்டயே போகலை.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதுகிறேன்.

பூமா ஆதார் அட்டையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“சீடைன்னு சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?” என்றாள். பெரியவர் மரியாதையாக மின்விசிறியைப் பார்த்தார்.

அப்புறம் ஆதாரைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “உங்களுக்கு நாப்பத்தாறு வயசா?” என்றார். “எங்க லிஸ்ட்ல இருபத்தேழு போட்டிருக்கே. நீங்க ஸ்குவாஷ் ஆடறவர்தானே?”

இளையவர் பையைத் திறந்திருந்தார். உள்ளே சுருதிப்பெட்டி இல்லை. சீல் வைத்த பாட்டில்கள்.

மணி ஆறு நாற்பத்தெட்டு.

அந்த இரண்டு மாடியை நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், கையில் முகர்சிங்கோடு ஓடினேன். பின்னால் இளையவர், அவர் பின்னால் பெரியவர், “மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே பூமா. டி பிளாக் லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் வயசில் இந்தத் தொப்பையோடு ஏறினேன். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கதவைத் தட்டினேன். டி-204 வாயில் டூத் பிரஷ்ஷோடு திறந்தார்.

“இருக்கார்!” என்று கத்தினேன். “ஊர்லதான் இருக்கார்! எழுதிக்கோங்கோ!”

இளையவர் பாத்ரூம் வரை கூடவே போய் நின்று பார்க்க, சிறுநீர்ச் சோதனை நடந்தது. எல்லாம் முடிந்து பெரியவர் மேஜையில் காகிதங்களை அடுக்கும்போது, “போன தடவை ஊர்ல இல்லைன்னாளே?” என்று கேட்டார்.

டி-204 தோளைக் குலுக்கினார். “வாட்ச்மேன் தப்பா சொல்லிட்டாரு சார்.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும். ஆனால் அவர் கையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டில் நின்றது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“அது வாட்ச்மேன் இல்லை. நான்தான் சொல்லச் சொன்னேன். சபா ஆளுங்கன்னு நினைச்சு, பல்லுக்குப் பயந்துண்டு.”

டி-204 எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “லிஃப்ட்ல நான் அவ்வளவு சொன்னேனே சார், அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பெரியவர் பேனா மூடியைத் திருகினார். “இதையே காரணத்தோட எழுத்துல குடுங்கோ. அந்த ரெண்டாவது குறிப்பை எடுப்பாளான்னு நான் சொல்ல முடியாது. ஆனா உங்க கடிதம் இல்லாம நிச்சயமா எடுக்க மாட்டா.”

நவம்பர் 20

கடிதம். முதல் பிரதியில் காய்ச்சல் என்று எழுதினேன். இரண்டாவதில் வயிற்றுக் கடுப்பு. மூன்றாவதில் ‘தவிர்க்க முடியாத காரணம்’. பூமா மூன்றையும் கிழித்தாள். நாலாவதில் பல், சீடை, பயம் எல்லாம் இருக்கிறது. அரசாங்கக் கோப்பில் என் பல் ஏறிவிட்டது.

பின்வாசலுக்குப் போய்ப் பெரியநாயகத்திடம் மன்னிப்புக் கேட்டேன். சாட்சிக் கையெழுத்தும் கேட்டேன். போட்டார்.

“அன்னிக்கே சங்கத்துல நீங்க சொல்லியிருக்கலாமே, சௌரிராஜன் சார்தான் சொல்லச் சொன்னார்னு?” என்றேன்.

“சொன்னேன் சார். எந்த சௌரிராஜன்னு கேட்டாங்க. எனக்குக் குழம்பிடுச்சு.”

சங்கச் செயலாளரிடம் போய் நானே சொன்னேன். பெரியநாயகம் நாளையிலிருந்து முன்வாசல். நாற்காலி நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், கைப்பிடி வைத்தது.

நவம்பர் 24

பல் டாக்டர். பிடுங்க வேண்டாமாம். பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் முகர்சிங் வாயருகே வரக் கூடாது. “ஆகஸ்ட்லயே வந்திருந்தா இந்நேரம் வாசிச்சிட்டிருப்பீங்க” என்றார். பூமா வீடு வரும்வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

டிசம்பர் 2

இந்த முறை வந்தது உண்மையான கமிட்டி. எங்கே போனார்கள்? டி-204.

நடந்ததை டி-204 சொல்லி நான் கேட்டது இது. சபா செயலாளர் வேதாந்தம் சார், எழுபத்திரண்டு வயது, கூட கமிட்டி உறுப்பினர் பட்டாபி சார். மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி மணி அடித்திருக்கிறார்கள். “சௌரிராஜன்தானே? முன்கூட்டியே சொல்லாம வந்திருக்கோம்” என்றிருக்கிறார் வேதாந்தம் சார்.

நம்மவருக்குப் பழக்கதோஷம். “வாங்க சார், ரெடியாத்தான் இருக்கேன். இந்தாங்க ஐடி. பாட்டில் கொண்டு வந்திருக்கீங்கல்ல? பாத்ரூம் இந்தப் பக்கம். நீங்க உள்ள வந்து பாக்கணும்ல, கதவைத் திறந்தே வெச்சுக்கறேன்.”

வேதாந்தம் சார் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வித்வானும் அவரை இப்படி வரவேற்றதில்லை.

உண்மை தெரிந்ததும் நம்மவர் பட்டாபி சாரைக் கைத்தாங்கலாக இறக்கி, மறுபடியும் பி பிளாக்கில் ஏற்றி, என் வீட்டில் உட்கார வைத்தார். பட்டாபி சார் முதல் வேலையாக, “இனிமே எவன் ஆத்துக்கும் மாடி ஏற மாட்டேன். எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்கோ” என்று அறிவித்தார்.

நான் வாயைத் திறந்து கம்பியைக் காட்டினேன். வாசிக்க முடியாது என்றேன். வேண்டுமானால் சொல்லிக் காட்டுகிறேன் என்று ஒரு சின்னக் கோர்வையை வாயால் சொன்னேன். கம்பி வழியாகக் காற்று வந்து ‘தகதிமி’ விசிலடித்தது. பட்டாபி சார் சிரித்துவிட்டார். நானும்.

வேதாந்தம் சார் காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். “தை மாசம் வாசிக்க முடியாதவருக்கு இந்த வருஷம் குடுக்கறதுக்கில்லை. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அடுத்தது கடம் ஞானாம்பாள் பேர் இருக்கு. அவா ஆத்துக்குப் போகணும்.”

எனக்கும் கஷ்டமாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் இந்த விருது இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. இனிமேல் வருமா என்று தெரியாது.

அப்போது வாசலில் நின்றிருந்த டி-204 இருந்தாற்போலிருந்து, “எங்க ஆட்டத்துல தோத்தவங்கதான் சார் அடுத்த மேட்ச்சுக்கு நடுவர்” என்றார்.

பட்டாபி சார் முழங்காலைத் தடவிக்கொண்டே, “நல்ல வழக்கமா இருக்கே” என்றார்.

டிசம்பர் 9

டி-204-க்கு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது. அதாவது எனக்கு வந்திருக்கிறது. பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டாவது குறிப்பு ரத்து! ஆறடி மனிதர் என்னை அப்படியே தூக்கிவிட்டார். “அண்ணே” என்று கூப்பிட்டார். சாரிலிருந்து அண்ணனுக்குப் போக இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அவர் ஊர் மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வஸ்திரம் வாங்கித் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். மாசி மகத்துக்கு என்னையும் பூமாவையும் கூப்பிட்டிருக்கிறார்.

டிசம்பர் 12

காலை ஆறு மணி. நங்கநல்லூர். வேதாந்தம் சாரும், பட்டாபி சாருக்குப் பதிலாக நானும். நடுவர் ஆசனத்தில் என் முதல் நாள். பூமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

தெருமுனையில் திரும்பும்போதே கடம் கேட்டது. நல்ல கை. ஆனால் நடுநடுவே நின்று நின்று வந்தது. கேட்டருகே போனோம். வாட்ச்மேன் இண்டர்காமில் பேசினார். மேலே கடம் சட்டென்று நின்றது.

“ஞானாம்பாள் அம்மா ஊர்ல இல்லீங்களாம்” என்றார் வாட்ச்மேன், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டாம் மாடியில் ஒரு திரைச்சீலை அசைந்தது. வலிப்பது விரலோ, மணிக்கட்டோ, வேறென்னவோ. எனக்கு அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பவளை நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை.

வேதாந்தம் சார் பேனாவை எடுத்தார். “ஊர்ல இல்லைன்னு குறிச்சுண்டு கிளம்புவோமா?”

“வேண்டாம் சார்.” வாட்ச்மேன் பக்கம் திரும்பினேன். “அடுத்த புதன்கிழமை காலம்பற ஆறு மணிக்கு வரோம்னு மேல சொல்லிடுங்கோ. அதுக்குள்ள டாக்டரைப் பாக்கணும்னா பாத்துடச் சொல்லுங்கோ.”

“என்ன ஓய்,” என்றார் வேதாந்தம் சார். “சொல்லாம போறதுதானே நம்ம வழக்கம்?”

“பந்து இன்னும் சூடாகலை சார். ஆட்டம் ஆரம்பிச்சதாக் கணக்கில்லை.”

“அப்படின்னா?”

“நடுவர் சொன்னா சொன்னதுதான்” என்றேன்.

வேதாந்தம் சார் இரண்டாம் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் மேலே மறுபடியும் கடம் கேட்டது.